சொந்தத் தளத்துக்கு ஹோஸ்டிங்: எதை எடுப்பது, எப்போது மாறுவது

சொந்தத் தளத்தை வைக்க இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் இடம்தான் ஹோஸ்டிங். "எந்த ஹோஸ்டிங் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையையும் வேகத்தையும்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்று. நாளைக்கு இந்த இடம் பிடிக்காமல் போனால், எழுதிய அத்தனையையும் அதே முகவரிகளோடு ஒரு சனி ஞாயிறுக்குள் வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா? முடியும் என்றால் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அங்கேயே பல வருஷம் நிம்மதியாக இருக்கலாம். முடியாது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

நான் பேசுவது கம்பெனித் தளத்தையோ ஆன்லைன் கடையையோ பற்றி அல்ல. தமிழில் எழுதும் ஒருவர், சில நூறு கட்டுரைகள், கொஞ்சம் படங்கள், நாளுக்குச் சில நூறு வாசகர்கள். இப்படி ஒரு தளத்தின் உண்மையான அளவை முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். 'கோ' என்ற எழுத்து உள்ளே இரண்டு குறிகள், ஆக 6 பைட். 1,500 சொற்கள் உள்ள கட்டுரை ஏறக்குறைய 40 கேபி வரும். ஆயிரம் கட்டுரை எழுதினாலும் 40 எம்பி. படங்களை 200 கேபிக்குச் சுருக்கிப் போட்டால், இரண்டாயிரம் படங்கள் 400 எம்பி. ஒருவர் இருபது வருஷம் விடாமல் எழுதினாலும் 1 ஜிபி நிறையாது. அதனால் '100 ஜிபி இடம்', 'அன்லிமிடெட் பேண்ட்வித்' என்ற வரிகளைப் பார்த்து ஒரு ப்ளானைவிட இன்னொன்று மேல் என்று முடிவெடுக்க வேண்டியதே இல்லை.

முதலில் டொமைன், அதுவும் தனியாக

டொமைன் என்பது டாட் காம், டாட் இன் என்று முடியும் தளத்தின் பெயர். 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம், இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை மூடியது. யூனிகோடு பரவுவதற்கு முன், சொந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லி வாசகரைக் கேட்ட காலத்துத் தமிழ்த் தளங்கள் பலவும் அங்கே இருந்தன. கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்தவர்களாலும் முகவரியை எடுத்துப்போக முடியவில்லை. அது யாஹூவின் பெயருக்குக் கீழே இருந்த முகவரி.

இன்னொரு சம்பவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2012 முதல் சில வருஷங்கள், கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் உள்ள தளத்தை இந்தியாவிலிருந்து திறந்தால், பிளாக்ஸ்பாட் டாட் காம் என்ற முகவரி தானாகவே பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று மாறும். நம் ஆட்கள் அந்த டாட் இன் முகவரியைத்தான் காப்பி செய்து ஃபேஸ்புக்கிலும் மின்னஞ்சலிலும் மற்றவர் கட்டுரைகளிலும் ஒட்டினார்கள். 2020இல் கூகுள் அந்த டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டது. அது வேறு கைக்குப் போனது. எழுதியவை எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றைச் சுட்டிய பழைய இணைப்புகள் ஒரே நாளில் செத்துப்போயின. எழுதியவர்கள் செய்த தவறு அதில் எதுவுமே இல்லை.

ஆகவே ஹோஸ்டிங் எதுவானாலும் டொமைன் நம்முடையதாக இருக்க வேண்டும். அதை ஹோஸ்டிங் வாங்கும் இடத்திலேயே வாங்காமல் டொமைன் பதிந்து தரும் தனிப் பதிவாளரிடம் வாங்குவது நல்லது. 'ஹோஸ்டிங் வாங்கினால் டொமைன் இலவசம்' என்பது முதல் வருஷத்துக்கு மட்டும். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன், பதிவாளர்களிடம் வாங்கும் மொத்த வியாபார விலையே 2024 செப்டம்பரிலிருந்து வருஷத்துக்கு 10.26 டாலர். 99 ரூபாய்க்கு டாட் காம் தருகிற கடை, அந்த நஷ்டத்தை இரண்டாம் வருஷத்திலோ ஹோஸ்டிங்கிலோ எடுத்தாக வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், ஹோஸ்டிங்கில் தகராறு வரும்போது டொமைனும் அதே கணக்குக்குள் மாட்டிக்கொள்ளும்.

டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். தளம் செய்து கொடுத்த டிசைனர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்திருப்பார். மூன்று வருஷம் கழித்து அவர் தொழிலையே மாற்றிக்கொண்டிருப்பார். நம் ஊர்ச் சின்னச் சின்ன தளங்கள் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றும் உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். வேறு பதிவாளரிடம் மாற்றத் தேவைப்படும் அங்கீகாரக் குறியீட்டை, கேட்டவுடன் தருகிறார்களா என்பதும் ஒரு சோதனை. டாட் காம் போன்ற பெயர்களைப் பதிந்த முதல் 60 நாள் மாற்ற முடியாது, அது பொது விதி. அதற்குப் பிறகும் இழுத்தடிக்கும் இடம் நமக்கு வேண்டாம்.

பிளாகர்

இதைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1999இல் தொடங்கி, 2003இல் கூகுள் கைக்கு வந்த பிளாகர் இன்னும் இலவசம். சொந்த டொமைனை இணைக்கலாம், அதற்கு, வாசகரோடான இணைப்பைப் பூட்டி வைக்கும் எச்டிடிபிஎஸ் பாதுகாப்பும் இலவசமாகவே கிடைக்கும். கூட்டம் திடீரென்று வந்தாலும் தளம் படுக்காது. சர்வர், பாஸ்வேர்டு, அப்டேட் என்று எதையும் கவனிக்க நேரமில்லாதவர்களுக்கு, சொந்த டொமைன் போட்ட பிளாகர் மரியாதையான தேர்வு.

குறை இரண்டு. கூகுள் கணக்கு முடங்கினால் தளமும் முடங்கும். பேசித் தீர்க்க மறுமுனையில் ஆள் கிடைப்பது கடினம். அப்புறம், பேக்கப் எடுத்தால் வரும் கோப்பில் எழுத்தும் பின்னூட்டங்களும் இருக்கும், படங்கள் இருக்காது. படங்களுக்கான கூகுள் முகவரிகள் மட்டும் இருக்கும். படங்களோடு எழுதுகிறவர்கள், குறிப்பாகக் கோயில், கல்வெட்டு, பயணம் என்று எழுதுகிறவர்கள், மூலப் படங்களைத் தலைப்புவாரியாகத் தங்கள் கணினியிலும் வைத்திருக்க வேண்டும். கூகுள் ரீடர் என்ற தன் சேவையை 2013இலும், ப்ளஸ் என்ற சேவையை 2019இலும் மூடியது. பிளாகர் மூடப்படும் என்று நான் சொல்லவில்லை. மூடப்பட்டால் கையில் என்ன இருக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தளம் நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தானே ஓட்டித் தரும் வேர்ட்பிரஸ் டாட் காம் இதற்குப் பக்கத்துத் தேர்வு. எழுதும் அனுபவம் பிளாகரைவிட நன்றாக இருக்கும். ஆனால் இலவச ப்ளானில் சொந்த டொமைன் கிடையாது. பணம் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டால் அடுத்த வழியோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்

ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்வது ஷேர்டு ஹோஸ்டிங்; அதில் வேர்ட்பிரஸை நாமே நிறுவி எழுதுவது இந்த வழி. பெரும்பாலானவர்கள் வந்து நிற்பது இங்கேதான், ஏமாற்றம் அதிகம் இருப்பதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணையத்தில் 'சிறந்த 10 ஹோஸ்டிங்' என்று தேடினால் வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை கமிஷனுக்காக எழுதப்பட்டவை. ஒரு வாடிக்கையாளரைச் சேர்த்துவிட்டால் 50 டாலருக்கு மேல் தரும் நிறுவனங்கள் உண்டு. அந்தப் பட்டியலை எழுதியவர் எத்தனை வருஷம் அந்த ஹோஸ்டிங்கில் இருந்தார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். இருக்காது.

விலைப் பலகையில் பெரிதாகப் போட்டிருக்கும் மாத விலை, மூன்று நான்கு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும் வரும் விலை. அதுவும் முதல் தடவைக்கு. ரினீவலில் இரண்டு மூன்று மடங்கு ஆவது சகஜம். மேலே 18% ஜிஎஸ்டி. ஆகவே ஒப்பிடும்போது முதல் விலையை மறந்துவிடுங்கள். ரினீவல் விலையோடு ஜிஎஸ்டியைச் சேர்த்து, வருஷத்துக்கு எவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். ரினீவல் விலையை வாங்கும் முன்பே தெளிவாகக் காட்டும் நிறுவனம், மற்ற விஷயங்களிலும் பெரும்பாலும் நேர்மையாகவே இருக்கும். என் யோசனை, முதல் வாங்கலை ஒரு வருஷத்தோடு நிறுத்திக்கொள்வது. தள்ளுபடி கொஞ்சம் குறையும், சரி. ஆனால் நாலு வருஷப் பணத்தைக் கட்டிவிட்டு, அந்தப் பணத்துக்காகவே மோசமான சேவையைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குப் பின்னால் மூன்று எல்லைகள் இருக்கும். மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கை, அதாவது ஐநோடு வரம்பு. ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய பிஎச்பி (வேர்ட்பிரஸை இயக்கும் நிரல்மொழி) வேலைகளின் எண்ணிக்கை. பிராசசர், மெமரி பங்கு. இவை முகப்புப் பக்கத்தில் இருக்காது. விதிமுறைகளிலோ உதவிப் பக்கத்திலோ தேட வேண்டும். ஒரு கட்டுரை வாட்ஸப்பில் பரவி, ஒரே நேரத்தில் நூறு பேர் வந்தால், '508' என்ற எண்ணோடு பிழைப்பக்கம் வருவது இரண்டாவது, மூன்றாவது வரம்புகளைத் தாண்டியதால்தான். பக்கங்களைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கேஷ் ப்ளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றைப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். 'பெரிய ப்ளானுக்கு மாறுங்கள்' என்று உதவி மையத்தில் சொல்வார்கள். மாறும் முன் கேஷ் போட்டுப் பாருங்கள்.

மற்றபடி இந்த வழிக்கு உண்மையான பலன்கள் உண்டு. வேர்ட்பிரஸ் கட்டற்ற மென்பொருள். 2003இலிருந்து வளர்ந்து வருகிறது, இதை ஓட்டாத ஹோஸ்டிங் கிடையாது. எழுத்து இருக்கும் ஒரு டேட்டாபேஸ் கோப்பையும் படங்கள் இருக்கும் ஒரு ஃபோல்டரையும் எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். கைபேசியிலிருந்தே எழுதலாம். பின்னூட்டம் வாங்கலாம்; தமிழ் எழுத்தில் வாசகர் பின்னூட்டங்களிலேயே ஒரு பாதி அறிவு சேர்ந்திருக்கும் தளங்கள் எத்தனையோ. இதற்கெல்லாம் கொடுக்கும் விலை, விடாமல் அப்டேட் செய்வது. ப்ளக்இன்களைக் குறைவாக வைத்துக்கொண்டால் அந்த வேலையும் குறையும். பழைய ப்ளக்இன் வழியாக உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரங்களை நட்டுவிட்டுப் போவதுதான் இந்தத் தளங்களுக்கு வழக்கமாக நேரும் ஆபத்து.

சர்வர் எந்த ஊரில் என்பதும் பார்க்க வேண்டியது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலடி கேபிள் நேராக இருக்கிறது. ஒரு செய்தி போய்த் திரும்ப சுமார் 35 மில்லி நொடி. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 200 மில்லி நொடிக்கு மேல். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய்வர வேண்டியிருப்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வாசகர்கள் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று பரவியிருந்தால் மும்பையைப் போலவே சிங்கப்பூரும் நல்ல இடம். டொராண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள்தான் அதிகம் என்றால் கணக்கு மாறும்.

ஸ்டாட்டிக் தளம்

முன்பே கட்டிவைத்த பக்கங்களை அப்படியே தருவது ஸ்டாட்டிக் தளம். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்த நூல்கள் எளிய எச்டிஎம்எல் பக்கங்களாக இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. டேட்டாபேஸ் இல்லை, பிஎச்பி இல்லை. திஸ்கி என்ற அன்றைய தமிழ் எழுத்துக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாறியதுதான் நடுவே வந்த பெரிய வேலை. எந்தச் சர்வரில் கொண்டுபோய் வைத்தாலும் அந்தக் கோப்புகள் திறக்கும். நிறைய எழுத்து, குறைந்த ஆரவாரம் என்று இருக்கும் தமிழ்த் தளத்துக்கு எனக்குத் தெரிந்த மிக உறுதியான வடிவம் இதுதான்.

இன்று இதைச் செய்ய ஹ்யூகோ, ஜெகில் போன்ற கருவிகள் உண்டு. கட்டுரைகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக வைத்துக்கொண்டால், தளம் முழுவதையும் அவை சில நொடிகளில் கட்டித் தந்துவிடும். வைப்பதற்கு கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை இலவசம்: தளம் 1 ஜிபி வரை, மாதம் 100 ஜிபி போக்குவரத்து என்ற தளர்வான வரம்பு. மேலே போட்ட கணக்கின்படி இருபது வருஷ எழுத்தும் இதற்குள் அடங்கும். இலவசக் கணக்கில் மூலக் கோப்புகளும் பொதுவில் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்; வெளியிடாத வரைவுகளை அங்கே போடக் கூடாது. இதே போன்ற இன்னொரு சேவையான கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் போக்குவரத்துக்கு வரம்பே இல்லை. கோப்புகள் 20,000 வரை, ஒவ்வொன்றும் 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். கிளவுட்ஃப்ளேருக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. இலவசத் தளங்கள் எப்போதும் அங்கிருந்துதான் வரும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் வேகத்தில் குறை சொல்ல எதுவும் இருக்காது.

இலவசம் என்பதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வரம்பைத் தாண்டினால் தளம் நிற்குமா, பில் வருமா? 2024 பிப்ரவரியில் இதே போன்ற நெட்லிஃபை என்ற சேவையில் இலவசமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தளத்தின் மேல் போலிப் போக்குவரத்தைக் கொட்டினார்கள். உரிமையாளருக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் பில் வந்தது. விஷயம் வெளியே பேசப்பட்ட பிறகு நிறுவனம் அதைத் தள்ளுபடி செய்தது. தனி மனிதருடைய தளம் ஒரு நாள் நின்றுபோனால் உலகம் முடிந்துவிடாது. பில் வந்தால் குடும்பமே ஆடிப்போகும். கிரெடிட் கார்டு எண்ணே கேட்காத, வரம்பு வந்தால் நின்றுவிடுகிற ப்ளான்தான் வேண்டும்.

ஸ்டாட்டிக் முறையின் உண்மையான தடை பணமோ வரம்போ அல்ல, பழக்கம். கைபேசியில் எழுதி 'வெளியிடு' என்று தட்டிப் பழகியவருக்கு, கோப்பைச் சேமித்து, கிட்ஹப்பில் ஏற்றி, தளம் கட்டப்படுவதைப் பார்ப்பது அந்நியமாக இருக்கும். பின்னூட்டம் தானாக வராது; அதற்கு இன்னொரு சேவையை நம்ப வேண்டும், அல்லது கட்டுரைக்குக் கீழே மின்னஞ்சல் முகவரி போட்டுவிட வேண்டும். நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியரான தன் அப்பாவின் கட்டுரைகளை நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று கேட்டபோது தயங்காமல் இதைத்தான் சொன்னேன். புதிதாக எழுத எதுவுமில்லை, எழுதியது அழியக் கூடாது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்காது என்ற நிலைமைக்கு இது கச்சிதம். அதே நண்பரின் அக்கா, வாரம் இரண்டு தடவை சமையலும் ஊர்க்கதையும் எழுதுகிறவர். அவருக்கு வேர்ட்பிரஸ்தான் சரி. பின்னூட்டத்தில் வாசகர்களோடு பேசாவிட்டால் அவருக்கு எழுதவே தோன்றாது.

விபிஎஸ்

விபிஎஸ் என்பது பெரிய சர்வரில் நமக்கென்று பிரித்துத் தரும் மெய்நிகர்ச் சர்வர். சுருக்கமாக முடித்துவிடலாம். இதைத் தரும் நிறுவனங்களில் டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரிலும் லினோடுக்கு மும்பை, சென்னையிலும் மையங்கள் உண்டு. மாதம் 5, 6 டாலரில் தனிச் சர்வர் கிடைக்கும், மேலே ஜிஎஸ்டி. வேகமும் சுதந்திரமும் அருமையாக இருக்கும். ஆனால் சர்வரைத் திறந்த சில நிமிடங்களிலேயே எங்கிருந்தோ பாட்கள் என்ற தானியங்கி நிரல்கள், நாம் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். ஃபயர்வால், அப்டேட், பேக்கப், சான்றிதழ் எல்லாம் நம் பொறுப்பு. சர்வரில் ஓடும் உபுண்டு லினக்ஸின் நீண்டகாலப் பதிப்புக்கு 5 வருஷ வழக்கமான ஆதரவு; அது முடியும் முன் அடுத்த பதிப்புக்கு மாற வேண்டும். லினக்ஸ் கற்றுக்கொள்வதே ஆசை என்றால் தாராளமாக எடுங்கள். எழுதுவதுதான் ஆசை என்றால் அந்த நேரத்தை எழுத்துக்குக் கொடுங்கள்.

இந்தியாவிலிருந்து பணம் கட்டுவது

வெளிநாட்டுக் கட்டுரைகளில் இந்த விஷயம் வராது, ஆனால் நம் ஊரில் தளங்கள் நின்றுபோக இதுவே ஒரு முக்கியக் காரணம். 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து மாதாமாதமோ வருஷாவருஷமோ தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி அமலுக்கு வந்தது. முன்கூட்டியே ஒப்புதல் பதிய வேண்டும், பணம் எடுக்கும் முன் அறிவிப்பு வர வேண்டும். வாடிக்கையாளருக்கு நல்ல விதிதான். ஆனால் பல வெளிநாட்டு நிறுவனங்களின் அமைப்பு இதற்கு ஒத்துப்போகவில்லை. 'ஆட்டோ ரினீவல் ஆன்' என்று திரையில் இருக்கும், பணம் மட்டும் போகாது. எச்சரிக்கை மின்னஞ்சல் எங்கோ விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும்.

டொமைன் காலாவதியானால் உடனே போய்விடாது. டாட் காம் போன்றவற்றில் பதிவாளரைப் பொறுத்துச் சில வாரங்கள் சலுகைக் காலம். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்க அபராதம் கனமாக இருக்கும். பிறகு 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்தத் தலைவலியைத் தவிர்க்க, டொமைனை ஐந்தோ பத்தோ வருஷத்துக்கு மொத்தமாகப் புதுப்பித்துவிடலாம். பத்து வருஷம்தான் அதிகபட்சம். ஹோஸ்டிங்குக்கு நீண்டகாலப் பணம் கட்டாதீர்கள் என்று மேலே சொன்னேன்; டொமைனுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் டொமைனை நடுவில் வேறு பதிவாளருக்கு மாற்றினாலும் கட்டிய வருஷங்கள் கூடவே வரும். ஹோஸ்டிங்குக்கு, ரூபாயில் பில் போட்டு யுபிஐ வாங்கும் நிறுவனமாக இருந்தால் பாதிக் கவலை போய்விடும். டாலரில் கட்டினால் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் வருஷக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எதுவரை இருப்பது

ஒரு இடத்தைத் தேர்ந்துவிட்ட பிறகு, பத்து சதவீத விலை வித்தியாசத்துக்காக மாறுவது வீண். மாற்றம் என்றாலே சில இணைப்புகள் உடையும், சில படங்கள் தொலையும், இரண்டு வார எழுத்து நேரம் போகும். '99.9% அப்டைம்' என்ற உறுதிமொழியே மாதம் 43 நிமிடம் நிற்கலாம் என்ற அர்த்தம்தான். எப்போதாவது அரை மணி நேரம் நின்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நின்றபோது என்ன நடந்தது என்று சொல்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

நான் காது கொடுத்துக் கேட்கும் செய்தி ஒன்று உண்டு: நிறுவனம் கைமாறியது. எண்டூரன்ஸ் என்ற குழுமம் 2010இல் ப்ளூஹோஸ்டையும், 2012இல் ஹோஸ்ட்கேட்டரையும், 2014இல் மும்பையின் டைரெக்டியிடமிருந்து பிக்ராக்கையும் வாங்கியது. 2021இல் அந்தக் குழுமமே இன்னொன்றோடு இணைந்து நியூஃபோல்டு டிஜிட்டல் ஆனது. ஆகவே இரண்டு கடையை ஒப்பிடுவதாக நினைத்து ஒரே முதலாளியின் இரண்டு பலகைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் வாய்ப்பு அதிகம். பிரான்ஸின் காந்தி (Gandi) என்ற டொமைன் பதிவாளர் நிறுவனம் 2023இல் வேறொரு குழுமத்தோடு இணைந்தது. டொமைனோடு இலவசமாகத் தந்துகொண்டிருந்த அஞ்சல்பெட்டிகளுக்கு அதே வருஷம் விலை வந்தது. 2023இலேயே கூகுள் தன் டொமைன் வியாபாரத்தை ஸ்கொயர்ஸ்பேஸுக்கு விற்றது. நிறுவனத்தின் மேல் தவறே இல்லாமலும் விலை ஏறும்: பெரும்பாலான ஷேர்டு ஹோஸ்டிங்குகள் நம்பியிருந்த சிபேனல் என்ற நிர்வாக மென்பொருள், 2018இல் கைமாறி, 2019இல் கணக்குக்கு இவ்வளவு என்று விலைமுறையை மாற்றியபோது, சின்ன ஹோஸ்டிங் கடைகள் எல்லாம் தடுமாறின. கைமாறினால் உடனே ஓட வேண்டியதில்லை. அடுத்த ரினீவலை ஒரு வருஷத்துக்கு மேல் கட்டாமல், உதவி மையம் முன்போல் பதில் சொல்கிறதா என்று பார்த்தால் போதும்.

உடனே கிளம்ப வேண்டிய நிலைமைகளும் இருக்கின்றன. கேட்ட பேக்கப்பைத் தர முடியவில்லை, அல்லது தந்த பேக்கப் திறக்கவில்லை என்றால். ஆதரவு முடிந்துபோன பிஎச்பி பதிப்பிலேயே வைத்திருந்தால். ரினீவல் விலையைச் சொல்லாமல் ஏற்றினால். டொமைனை மாற்றத் தேவையான அங்கீகாரக் குறியீட்டைத் தர மறுத்தால்.

பேக்கப் அவர்கள் எடுக்கிறார்கள் என்றாலும் நம்மிடமும் ஒன்று இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. சர்வரும் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் இறக்கிக் கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. 1 ஜிபிக்குள் அடங்குகிற விஷயம்தானே. வீட்டில் இன்னொருவருக்கு அது எங்கே இருக்கிறது, டொமைன் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து வையுங்கள். எழுதியவர் காலமான இரண்டாம் வருஷமே தளமும் மறைந்துபோவதைத் தமிழில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

மாறும்போது தமிழ்த் தளங்களுக்கு வரும் சிக்கல்

மாறுவது என்று முடிவெடுத்தால் பொதுவான வேலைகள் எல்லோருக்கும் ஒன்றுதான். டொமைன் எந்தச் சர்வரைச் சுட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் காலவரம்பை முந்தின நாளே 300 நொடிக்குக் குறைப்பது, புதிய இடத்தில் எல்லாம் ஏறிய பிறகு முகவரியைத் திருப்புவது, பழைய ப்ளானை இன்னும் ஒரு மாதம் விட்டு வைப்பது. அஞ்சல் தனி இடத்தில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். இதற்காகவே அஞ்சல்பெட்டியை ஹோஸ்டிங்கோடு சேர்க்காமல் ஸோஹோ போன்ற இடத்தில் வைக்கச் சொல்வேன்.

தமிழுக்கென்றே வரும் சிக்கல் இரண்டு. வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களில் பழையவை பல, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்ற குறியீட்டில் உருவானவை. உள்ளே இருப்பது தமிழ், மேலே ஒட்டியிருக்கும் சீட்டு லத்தீன். அதை அப்படியே இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றினால் கட்டுரை முழுவதும் ஐரோப்பிய எழுத்துகளாகவோ கேள்விக்குறிகளாகவோ மாறிவிடும். ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் மீட்கலாம், குறியீட்டைச் சரியாகச் சொல்லி மறுபடி ஏற்ற வேண்டும். கேள்விக்குறியாக வந்துவிட்டால் அந்தப் பிரதியில் தமிழ் அழிந்துவிட்டது என்று அர்த்தம். மூல டேட்டாபேஸிலிருந்து மறுபடி இறக்கத்தான் வேண்டும். பழைய ப்ளானை ஒரு மாதம் விட்டு வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். புதிய டேட்டாபேஸ் யூடிஎஃப்-8எம்பி4 என்ற குறியீட்டில் இருக்க வேண்டும். பழைய மூன்று பைட் வடிவத்தில் வழக்கமான தமிழ் எழுத்து நிற்கும், ஆனால் எமோஜியும், தனி கிரந்த லிபியின் எழுத்துகளும் (தமிழில் வழங்கும் ஜ, ஷ, ஸ, ஹ அல்ல), 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் 4 பைட் கேட்பவை. அவை வரும் இடத்தோடு கட்டுரை துண்டிக்கப்பட்டுவிடும்.

இரண்டாவது, முகவரி. வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரித் துண்டுக்கு 200 எழுத்து இடம்தான் தருகிறது. ஒரு தமிழ்க் குறி முகவரியில் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். ஆக, 22 குறிகளுக்கு மேல் போனால் தமிழ்த் தலைப்பு வெட்டப்பட்டிருக்கும். வேர்ட்பிரஸிலிருந்து ஹ்யூகோவுக்குப் போகிறவர்கள், தலைப்பை வைத்து முகவரியைப் புதிதாக உருவாக்கச் சொன்னால், முழுத் தலைப்பும் வந்து பழைய முகவரியோடு ஒத்துப்போகாது. அத்தனை பழைய இணைப்புகளும் '404' (பக்கம் இல்லை) என்று காட்டும். வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பில் இருக்கும் வெட்டுண்ட முகவரியையே எடுத்துப் புதிய தளத்திலும் போட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முகவரிக்கு இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டால் இந்த வேலையே வராது. மாறி முடித்த பிறகு, பழைய தளத்திலிருந்து மிக நீண்ட தலைப்புள்ள பத்துக் கட்டுரைகளின் முகவரிகளைத் தட்டிப் பாருங்கள். அந்தப் பத்தும் திறந்தால் மற்றவையும் பெரும்பாலும் திறக்கும், பழைய ப்ளானை ரத்து செய்யலாம்.